எச்.ஓ.வா, 'என்' ஸ்கேலா? வளைவு சொல்லட்டும்

மாடல் ரயிலுக்கு இடம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுவரின் நீளத்தைத்தான் அளப்பார்கள். ஆனால் கையைக் கடிப்பது அகலம். ரயில் சுற்றி வர வேண்டுமானால், வளைவின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமும் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலும் வேண்டும்.

எச்.ஓ. என்பது 1:87 ஸ்கேல், அதாவது நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு அளவு. ஆரம்ப செட்களில் வரும் 18 அங்குல ஆர வளைவுக்கே பலகை சுமார் 40 அங்குலம் அகலம் கேட்கும். அதில் நீளமான பயணிகள் பெட்டியை ஓட்டினால் பார்க்கச் சகிக்காது. பெட்டியின் நடுப்பகுதி வளைவுக்கு உள்ளே சரிய, முனைகள் வெளியே துருத்தும். பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆரம் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நிஜத்தில் 23 மீட்டர் பெட்டி எச்.ஓ.வில் 26 செ.மீ. வரும், ஆரம் 80 செ.மீ. ஆகிவிடும். 'என்' ஸ்கேலில் (1:160) அதே பெட்டி 14 செ.மீ.தான். வட்டம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், நம் கை எந்த ஸ்கேலிலும் சுருங்காது. சுமார் 75 செ.மீ.க்கு மேல் எட்டித் தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைப்பது பெரும்பாடு. 4 அடி அகல எச்.ஓ. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. சுற்றிவர நடைவழி விட்டால் பாதி அறை போச்சு. 28 செ.மீ. ஆரத்தில் போடும் 'என்' வளையம் சுவரோரப் பலகையிலேயே முடிந்துவிடும்.

அதற்காக 'என்' சுகமான தேர்வு என்று சொல்ல மாட்டேன். எஞ்சின் எடை குறைவு, தண்டவாளத்தில் கொஞ்சம் தூசி படிந்தாலே திக்கித் திக்கி நிற்கும். 9 மி.மீ. தடத்தில் சக்கரத்தை உட்காரவைக்க நல்ல கண்ணும் பொறுமையும் வேண்டும்.

இசட் (1:220) இன்னும் பொடிசு, இன்னும் நச்சு. டி.டி. (1:120) அளவில் அழகான நடுவழி. ஆனால் எச்.ஓ.விலும் 'என்'னிலும் கிடைக்கும் அத்தனை ரகம் டி.டி.யில் கிடைக்காது.

வட்டமே வேண்டாம், பெட்டிகளைக் கோர்த்துப் பிரித்து ஷண்டிங் செய்தால் போதும் என்பவரா? அப்படியானால் கணக்கே வேறு. மூன்று கிளைத்தடம், இரண்டு பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), குட்டைச் சரக்குப் பெட்டிகள்: 30 செ.மீ. அகல அலமாரித் தட்டில் எச்.ஓ. தாராளமாக அடங்கும். அங்கே நான் 'என்' பக்கமே போக மாட்டேன். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கை மாட்டுவதும் கழற்றுவதும்தான் விளையாட்டு என்றால், அது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?