வீட்டு இலக்கம் கேட்ட கவுண்டர்

டிட்வா புயல் ஓய்ந்து கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போனேன். கட்டுநாயக்கா, வெள்ளவத்தை வீடு, கலியாணம் எல்லாம் நல்லபடியாக நடந்தன, அவற்றை விடுகிறேன். ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் மனசை விட்டுப் போகாதது ஒரு கூரியர் கவுண்டர்.

2025 நவம்பர் 28 புயல் கரை தொட்டது கிழக்கில். ஆனால் மழை கொட்டி உயிர்களைக் கொண்டுபோனது மலைநாட்டில்தான். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மண்சரிவு. நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் சாவு. கொழும்புப் பக்கம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. நான் போன நேரம் மெத்தைகளும் பிள்ளைகளின் புத்தகங்களும் மதில்களில் காய்ந்துகொண்டிருந்தன.

எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் சாமான் கட்டும் பையன் பண்டாரவளைப் பக்கத் தோட்டத்துக்காரன். வெள்ளவத்தைக் கடைகளில் மலையகப் பிள்ளைகள் இல்லாத கடை ஏது? அவனுடைய குடும்பம் இருந்த லயனுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலே நிலம் வெடித்து, எல்லோரையும் எழுப்பித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். அவனும் ஊருக்குப் போயிருந்தான். என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அரிசி பருப்பு வேணாண்ணே, நெறைய வந்துருச்சு. புள்ளைகளுக்கு சப்பாத்து, கம்பளி, பொம்பளைங்களுக்குத் தேவையான சாமான். அதான் யாரும் அனுப்பல."

சப்பாத்து அளவு தெரியாதே என்றேன். அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. கொப்பித் தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் வைத்துப் பேனையால் சுற்றி வரைந்து, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் பிடித்திருக்கிறான். ஒவ்வொன்றுக்குள்ளும் பிள்ளையின் பெயர். புறக்கோட்டைச் சப்பாத்துக்கடை முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடிமட்டக் கணக்குக்குச் சோடி எடுத்து வைத்தார். வளருகிற கால் என்று சிலதுக்கு ஒரு சைஸ் கூட்டியும் தந்தார். விலையையும் அவராகவே குறைத்தார். ஊர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நெஞ்சு நிறைந்து போய், பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கூரியர் கந்தோருக்குப் போனேன்.

ஏசி, டோக்கன், கண்ணாடித் தடுப்பு. எல்லாம் புதுசு, எல்லாம் சுத்தம். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல தமிழில்தான் பேசினா. முகவரி சொன்னேன்: பெயர், தோட்டம், மேல் டிவிசன், லயன், பண்டாரவளை.

"அங்கிள், வீட்டு இலக்கம்?"

லயனுக்கு ஏதம்மா வீட்டு இலக்கம்?

"அப்ப ரோட்டுப் பெயர்?"

தோட்டத்துக்குள் போகிற ரோட்டுக்கும் பெயர் இல்லை. அந்த இரண்டு கட்டமும் நிரம்பாமல் கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். தோட்டக் கந்தோர் முகவரியைப் போடச் சொன்னேன். பெறுபவரின் அடையாள அட்டையில் உள்ள முகவரியும் இதுவும் ஒத்துவர வேண்டும் என்றா. பள்ளிக்கூட முகவரி? அங்கே இப்போது ஆட்கள் தங்கியிருப்பதால் அதிபரின் கடிதம் வேண்டுமாம். மேலாளரைக் கூப்பிட்டா. அவரும் அதே திரையைப் பார்த்து அதே பதிலைச் சொன்னார். வெள்ள நிவாரணப் பொதிக்குக் கட்டணம் இல்லை என்று சுவரில் பெரிய அறிவித்தல் வேறு. இலவசம்தான், ஆனால் மண் சரிந்த இடத்துக்குத்தான் அனுப்ப முடியாது.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்தக் கட்டத்தின் மேல். நான் இருக்கும் ஒன்ராறியோவில் நகரத்துக்கு வெளியே போனால், சோளக் காட்டுக்கு நடுவில் நிற்கும் ஒற்றை வீட்டுக்கும் ரோட்டோரம் ஒரு இலக்கப் பலகை நட்டிருப்பார்கள். அது தபாலுக்காக மட்டும் அல்ல. அம்புலன்சும் தீயணைப்புப் படையும் தேடாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக. இங்கே இருநூறு வருடமாகத் தோட்டங்களில் உழைக்கும் சனத்துக்குக் கடிதம் இன்னும் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் வருகிறது. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. வீட்டு வாசலுக்கு ஒரு இலக்கம் வர இன்னும் எத்தனை வருடமோ? மண் வந்து மூடினால் எந்தக் காம்பராவில் (லயன் அறையில்) யார் இருந்தார்கள் என்று வெளியில் இருந்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோதும், உள்ளே எத்தனை பேர் என்று நாள் கணக்காகத் தடுமாறினார்கள். அப்போது கனடாவில் இருந்து செய்தி பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது.

சரி, பெட்டிகளைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றினேன். பையனுக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அவன் கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. "பஸ்ல போட்டு விடுங்கண்ணே." பஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தில் பதுளை பஸ் நின்றது. கொண்டக்டர் கேட்டது இரண்டே கேள்வி: எங்கே இறக்க வேண்டும், ஆள் வந்து நிற்குமா. பெட்டியின் மேலே மார்க்கர் பேனையால் பையனின் பெயரையும் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதி, பஸ் நம்பரைப் படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பும்படி என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாமான் என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மம்மா முருங்கைக்காயும் ஒடியலும் இப்படித்தான் அனுப்புவா.

மலை ஏறுகிற ரோட்டில் மண் அள்ளுகிற வேலை நடந்ததால் பஸ் பிந்தித்தான் போனது. நள்ளிரவு தாண்டிப் பையன் போன் எடுத்தான். பெட்டிகளைத் தலையில் வைத்து நாலு பேர் மேல் டிவிசனுக்கு ஏறிக்கொண்டிருந்தார்களாம், மூச்சு வாங்கப் பேசினான். அடுத்த நாள் கணக்கும் வந்தது: எல்லாச் சோடியும் சரி, ஒரு பிள்ளைக்கு மட்டும் இறுக்கம். முதலாளி அதை மாற்றித் தந்தார், அடுத்த பஸ்ஸில் போனது.

மலையகத்துக்கு அனுப்ப நினைக்கும் எங்கட ஆட்களுக்கு: அரிசி வாங்க முன்னம் அங்கே இருப்பவரிடம் ஒரு தடவை கேளுங்கள். பிள்ளைகளின் கால் அளவைக் கேளுங்கள். பெண்களின் தேவையைக் கூச்சப்படாமல் ஒரு பெண்ணைக் கொண்டு கேட்பியுங்கள். பெட்டியில் இரண்டு போன் நம்பர் எழுதுங்கள், மலையில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் மற்றது எடுக்கும்.