மே மாதத் தரங்கம்பாடி: ஊர் அருமை, லாட்ஜ் சுமார்

பசங்களுக்கு லீவு விட்டதும் இரண்டு நாள் தரங்கம்பாடி போய் வந்தோம். ஊருக்கு முழு மார்க், தங்கின லாட்ஜுக்குப் பாதிகூடக் கிடையாது. பெயர் வேண்டாம். கடல் தெரியும் அறை என்று சொல்லிக் கூடுதலாக வாங்கினார்கள், ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலத்துக்கு நீலமாகத் தெரிந்தது, அதுதான் கடலாம். ஏசி ராத்திரி பூரா சொட்டி, அடியில் வைத்த வாளி காலையில் நிறைந்திருந்தது. வஞ்சிர வறுவலில் மட்டும் குறை சொல்ல முடியாது.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம், கடல் ஒரு பக்கம் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாமே நடக்கிற தூரம்தான். ஆனால் வெயில்! பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியவில்லை. நுங்கு விற்ற அம்மா "சாயங்காலம் வாங்க தம்பி, காத்து வரும்" என்றார். வந்தது, கோட்டை வாசலைவிட்டு எழவே மனசில்லை. அடுத்த முறை மயிலாடுதுறையில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுவேன்.