ட்ரெட்மில்லை விட்டு ரோட்டில் ஓட ஆரம்பித்தால்: சென்னையில் முதல் ஒரு வருடம் எப்படி இருக்கும்

ஜிம்மில் ட்ரெட்மில்லை 8-ல், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து 30 நிமிடம் நிற்காமல் ஓடிப் பழகியவர், பெசன்ட் நகர் பீச் ரோட்டில் முதல் நாள் ஏழாவது நிமிடத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். இத்தனை மாதம் ஓடியதெல்லாம் வீண்தானா என்ற சந்தேகம் அப்போது வரும். வீண் இல்லை. இதயமும் நுரையீரலும் சம்பாதித்தது அப்படியேதான் இருக்கிறது. வேகத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம்தான் இல்லை, ஏனென்றால் இதுவரை அந்த வேலையை மோட்டார் பார்த்துக்கொண்டது. வெளியில் அதை நாம்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மாதம் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

பலரும் காற்றைத்தான் காரணம் காட்டுவார்கள். 'வெளியில் காற்று எதிர்க்கும், அதனால் ட்ரெட்மில்லை 1 சதவீதம் ஏற்றத்தில் வைத்தால்தான் சமமாகும்' என்ற பேச்சு எல்லா ஜிம்மிலும் உண்டு. அதன் மூலம் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டவுஸ்ட் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஓடியவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள். சோதித்த வேகம் மணிக்கு சுமார் 10.5 கிலோமீட்டரில் தொடங்கி 18 வரை. 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற புதியவருக்குக் காற்றின் எதிர்ப்பு மிகச் சிறியது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் அதிவேகமும் வெக்கையும்தான்.

அதிவேகம் எப்படி வருகிறது? ஏசி இல்லை, எதிரே டிவி இல்லை, ரோடு நீளமாகக் கிடக்கிறது, பக்கத்தில் ஒருவர் தாண்டிப் போகிறார். கால் தானாக நீண்டு விழும். 8-ல் ஓடுகிறோம் என்று நினைப்போம், முதல் கிலோமீட்டர் 10-ல் போயிருக்கும். வெளியில் ஓடுகிறவர்கள் வேகத்தை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வார்கள், அதற்குப் பெயர் பேஸ். ட்ரெட்மில்லில் 6.5 என்றால் 9 நிமிடம் 14 விநாடி, 7 என்றால் 8:34, 8 என்றால் 7:30, 9 என்றால் 6:40, 10 என்றால் சரியாக 6 நிமிடம். ஜிம்மில் 8-ல் ஓடியவர் வெளியில் முதல் மாதம் 8:30-க்கும் 9 நிமிடத்துக்கும் இடைப்பட்ட பேஸில் ஓடினால் போதும்.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. ட்ரெட்மில் காட்டும் 8 உண்மையிலேயே 8-தானா? பல வருடம் ஓடித் தேய்ந்த மெஷின்கள் தப்பாகக் காட்டும். சோதிப்பது சுலபம். மெஷின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் முழு நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெல்ட்டின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒருவர் 8-ல் ஓடட்டும், இன்னொருவர் அந்தத் துண்டு 20 முறை சுற்றி வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கட்டும். பெல்ட் 3 மீட்டர் என்றால் 20 சுற்றுக்கு 60 மீட்டர். 27 விநாடி ஆனால் மெஷின் சொல்வது சரி, 30 விநாடி ஆனால் நிஜ வேகம் 7.2-தான். மேலே ஆள் ஓடும்போதே அளக்க வேண்டும், வெறும் பெல்ட் வேகமாகச் சுற்றி ஏமாற்றும். வெளியில் முடியவில்லையே என்று மனம் உடைந்தவர்களில் பலருக்கு, உள்ளே ஓடியதே 7-தான் என்று இதில் தெரியவரும்.

போன் காட்டும் பேஸையும் நொடிக்கு நொடி நம்ப வேண்டாம். மேம்பாலத்துக்கு அடியில், மெட்ரோ பாலத்தை ஒட்டி, அடர்ந்த மரத்தடியில் ஜிபிஎஸ் புள்ளி எகிறும். ஒரு நொடி 5:40 காட்டும், அடுத்த நொடி 10:15 காட்டும். ஓடத் தொடங்குமுன் திறந்த வெளியில் ஒரு நிமிடம் நின்று சிக்னல் பிடிக்க விடுங்கள். ஒரு கிலோமீட்டர் முடிந்ததும் வரும் சராசரியை மட்டும் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் பேச்சு. உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணில் தொடங்கிப் பின்கோடு வரை இடையில் மூச்சு இழுக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு உடைந்தால் குறையுங்கள். வெட்கப்படாமல் நடக்கவும் நடக்கலாம்.

அடுத்தது வெக்கை, சென்னையில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். வெயிலை மட்டும் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வெயிலே இல்லாதபோதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும், சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் இல்லை. ஜிம்மில் 24 டிகிரி ஏசியில், எதிரே ஃபேன் காற்றில் ஓடும் உடல் அதே வேகத்தை 28 டிகிரியில் புழுக்கத்தில் செய்யும்போது, தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. இதயத் துடிப்பு ஏறும். இது பலவீனம் இல்லை, உடலின் கணக்கு. தொடர்ந்து வெளியில் ஓடினால் 10 முதல் 14 நாளில் உடல் பழகத் தொடங்கும்: வியர்வை சீக்கிரமே வரும், அதில் போகும் உப்பு குறையும், துடிப்பு இறங்கும். ஆனால் இரண்டு வாரம் ஏசிக்குத் திரும்பினால் அந்தப் பழக்கம் கரைய ஆரம்பிக்கும். ஓடும்போது தலைசுற்றல், புழுக்கத்திலும் உடல் சிலிர்ப்பது, குமட்டல், பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி நிழலுக்கு வந்து உடம்பை நனைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ புத்தி தடுமாறினாலோ ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள்.

அதனால் எந்த மாதத்தில் ஆரம்பிக்கிறோம் என்பது முக்கியம். மழை ஓய்ந்த மார்கழிதான் சிறந்தது. காலை 20, 22 டிகிரியில் இருக்கும். கோலம் போடுகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களுமாகத் தெருவில் ஐந்து மணிக்கே ஆள் நடமாட்டம் இருக்கும். புதிதாகத் தனியே ஓட வரும் பெண்களுக்கு இது பெரிய தைரியம். கத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட மே, ஜூனில் சூரியன் 5:45-ஐ ஒட்டியே எழுந்துவிடுவதால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிப்பது நல்லது. பேஸ் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், சில நாள் ஒரு நிமிடம்கூடக் கூடும். கூடட்டும், அந்த மாதங்களில் கடிகாரத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கால்களுக்கு வருவோம். பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பரப்பு ஒரே மாதிரி இருக்கும், எல்லா அடியும் ஒன்றுபோல விழும். ரோட்டில் ஒவ்வொரு அடியும் வேறு. கெண்டைக்காலும் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளும் இதுவரை செய்யாத வேலையைச் செய்கின்றன. மூச்சு இரண்டு வாரத்தில் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் மாதக் கணக்கில்தான் பழகும். மூச்சு சரியாகிவிட்டதே என்று நான்காவது வாரம் திடீரெனத் தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். விரலால் தடவினால் நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைத்து, குறைந்த தூரத்தில் திரும்ப வரலாம். ஒரே ஒரு புள்ளியில் ஊசி குத்துவதுபோல வலித்து, நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் தொடர்ந்தால் ஓடவே கூடாது. எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடுப்பதற்குச் செலவில்லாத வழி உண்டு. அடியைக் குட்டையாக வையுங்கள். காதைத் தீட்டி உங்கள் கால் சத்தத்தைக் கேளுங்கள். 'தப், தப்' என்று அறைந்தால் பாதம் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் விழுகிறது. அடியைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் சத்தம் தானாகக் குறையும். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 முறை, மூன்று தடவை செய்யுங்கள்.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ட்ரெட்மில்லில் ஏற்றம் மட்டும்தான், இறக்கம் கிடையாது. சென்னை தட்டையான ஊர் என்பதால் மேம்பாலம்தான் நமக்கு மலை. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தொடையைப் பதம் பார்ப்பது இறங்குவதுதான். இரண்டாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் போகும். முதல் மூன்று மாதம் பாலங்களைத் தவிருங்கள், பிறகும் இறங்கும்போது நடந்து பழகுங்கள்.

எங்கே ஓடுவது? மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். சிக்னல் தொல்லை இல்லாத நல்ல நீளம். ஆனால் முதல் நாளே சிலையிலிருந்து கிளம்பி விளக்கம் வரை போய்விட்டால், திரும்பி வரும் வழி முழுக்க நடைதான். ட்ரெட்மில்லில் ஸ்டாப் பட்டனை அழுத்தினால் முடிந்தது, வெளியில் போன தூரத்தைத் திரும்பி வந்தாக வேண்டும். 30 நிமிட ஓட்டம் என்றால் 12-வது நிமிடமே திரும்புங்கள். அதைவிட, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சுற்று வைத்துக்கொள்வது ஆரம்பத்தில் நல்லது. கேட்டில் தண்ணீர் பாட்டிலை மாட்டி வைக்கலாம், முடியாவிட்டால் வீடு பக்கத்தில்.

மணலில் ஓடினால் கால் வலுவாகும் என்று சொல்வார்கள். காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும், கெண்டைக்கால் தாங்காது. ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். ரோட்டின் ஓரமும் அப்படித்தான், மழைநீர் வடிவதற்காகச் சரித்திருப்பார்கள். விடியற்காலையில் வண்டியில்லாத உள் தெருவின் நடுப்பகுதிதான் சமமான தரை. பூங்கா நடைபாதை பாதுகாப்பானது, ஆனால் மழைக்குப் பிறகு பேவர் பிளாக்கில் பாசி பிடித்து வழுக்கும். சின்னச் சுற்று என்றால் ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று திசையை மாற்றுங்கள். பெரிய ரோட்டில் ஓட நேர்ந்தால் வலப்பக்கம், வண்டி எதிரே வருவது தெரியும்படி. காதில் இயர்போன் வேண்டாம்.

அட்டவணை எளிது. ஜிம்மில் வாரம் மூன்று நாள் ஓடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் அதில் ஒரு நாளை மட்டும் வெளியில் மாற்றுங்கள்: 5 நிமிடம் நடை, பிறகு 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று 8 முறை, கடைசியில் 5 நிமிட நடை. ஜிம்மில் அரை மணி ஓடுகிறவருக்கு இது கேவலமாகத் தோன்றும், ஆனால் இது மூச்சுக்கான பயிற்சி இல்லை, எலும்புக்கும் தசைநாணுக்கும். மூன்றாம், நான்காம் வாரம் இரண்டு நாள் வெளியில், 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 6 முறை. ஐந்தாம், ஆறாம் வாரம் மூன்று நாளும் வெளியில், 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 முறை. ஏழாம் வாரத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓடிப் பாருங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யலாம். அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் வெளியில் ஓடாதீர்கள்.

ஷூவில் ஒரே எச்சரிக்கை: ஜிம்மில் இரண்டு வருடம் ஓடிய ஷூவின் அடி வழவழத்திருக்கும், ஈர ரோட்டில் காலை வாரிவிடும். குஷன் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். புதிது வாங்கினால் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போய், நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். காட்டன் சாக்ஸ் வியர்வையில் நனைந்து கொப்புளம் போடும். மழையில் நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். உள்பட்டையை எடுத்துவிட்டு நியூஸ்பேப்பரைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, ஃபேனடியில் வையுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் குளிக்கும்போது எரியாது.

தண்ணீர்க் கணக்கை எடைபோட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஓடுவதற்கு முன்னும், வந்து வியர்வையைத் துடைத்த பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் போயிருக்கிறது. அரை மணி ஓட்டத்துக்கு இடையில் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை, வந்து தாகத்துக்குக் குடித்தால் போதும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். உப்புப் போட்ட மோர் அந்த வேலையைச் சரியாகச் செய்யும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், மெல்ல நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுங்கள். பல்லோ நகமோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

ஆறு மாதம் ஆன பிறகு ஜிம்முக்குப் போய் அதே 8-ல் ஏறினால் வித்தியாசம் தெரியும். துடிப்பு முன்பைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் சுவரைப் பார்த்து ஓடப் பிடிக்காது. அதற்காக உறுப்பினர் அட்டையை ரத்து செய்ய வேண்டாம். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் தேங்கி மேன்ஹோல் எங்கே என்று தெரியாத நாட்கள், தீபாவளிக்கு மறுநாள் காலை, பழைய டயரும் பாயும் எரிந்து புகை தரையோடு படிந்திருக்கும் போகி விடியல், இந்த நாட்களில் ட்ரெட்மில்தான் சரியான இடம். ஏற்றம் பூஜ்யத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, திரையை ஒரு துண்டால் மூடி, மூச்சை மட்டும் கேட்டு 30 நிமிடம் ஓடுங்கள்.