டீசல் பிக்கப்பில் ஆயில் எப்போது மாற்றுவது? 1,84,000 கி.மீ. ஓட்டிய அனுபவம்

எட்டு வருஷமாக ஒரே பிக்கப்தான் வைத்திருக்கிறேன். 2.5 லிட்டர் டர்போ டீசல், டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டி. ஆறரை லிட்டர் ஆயில் பிடிக்கும். பம்ப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால் பின்னால் குழாய், மோட்டார், செயின் பிளாக் என்று அரை டன் எப்போதும் கிடக்கும். இதே மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறீங்க?" என்றுதான். "உங்க வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அப்படிக் கேட்க எனக்கே நாலு வருஷம் பிடித்தது.

வண்டியோடு வந்த கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம்: அடிக்கடி குறுந்தூரம் ஓட்டினால், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடினால், புழுதியில் ஓட்டினால், ட்ரெய்லர் இழுத்தால் இதில் பாதி. முதல் மூன்று வருஷம் எனக்கு வெளியூர் வேலைதான். காலையில் கிளம்பினால் 150 கி.மீ. ஒரே ஓட்டம். 10,000-க்கு ஒரு தடவை மாற்றினேன், எந்தக் குறையும் இல்லை. அந்தக் கட்டம் எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வருஷம் வேலை மாறியது. வீட்டிலிருந்து 4 கி.மீ. தூரத்தில் ஒரே சைட், தினமும் ஆறேழு நடை. சரக்கு இறக்கும் வரை இன்ஜினை அணைக்க மாட்டேன். ஆறு மாதம் இப்படியே போனது. மாற்றி 6,000 கி.மீ.தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறி நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. துணியில் துடைத்தேன், சொட்டு தண்ணீர் போல் பரவியது. மூக்கருகே கொண்டுபோனதும் டீசல் நெடி.

ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நினைத்துப் பழகியவனுக்கு அது கூடியதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. விஷயம் இதுதான். புகையில் வரும் கரியை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிறையும்போது இன்ஜின் கூடுதல் டீசலைச் சற்றுத் தாமதமாகத் தெளித்து, எக்ஸாஸ்ட் சூட்டை ஏற்றி, அந்தக் கரியை எரிக்கும். இதுதான் ரீஜெனரேஷன். நெடுஞ்சாலையில் இது தானாக நடந்து முடிந்துவிடும். 4 கி.மீ. நடையிலோ பாதியில் சாவியைத் திருப்பிவிடுகிறோம். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கிறது. டீசல் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது, கலந்தது தங்கிவிடும்.

அன்றே ஆயிலை இறக்கிவிட்டு, ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நான் ஊற்றும் 5டபிள்யூ-30 வகை ஆயில் 100 டிகிரி செல்சியஸில் குறைந்தது 9.3 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கெட்டியாக இருக்க வேண்டும். என்னுடையது 8.6. டீசல் கலப்பு 7 சதவீதம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். அந்தப் படலத்தை இந்தத் தண்ணீர் ஆயிலை நம்பி விட்டிருக்கிறேன். மட்டம் இன்னும் ஏறியிருந்தால் ப்ரீதர் (இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் இன்ஜினுக்குள் போய், சாவியை அணைத்தும் நிற்காமல் ரேஸாகும் நிலைகூட வரலாம்.

அதற்குப் பிறகுதான் மணிக்கணக்கு பார்க்க ஆரம்பித்தேன். மீட்டரில் இன்ஜின் மணி காட்டும் பக்கம் இருந்தது, அதுவரை திறந்ததே இல்லை. வெளியூர் ஓட்டத்தில் என் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ.; 10,000 கி.மீ. என்றால் 200 மணி நேரம். சைட் ஓட்டத்தில் சராசரி 20. அதே 10,000 கி.மீ.க்கு 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான், இன்ஜின் உழைத்ததோ இரண்டரை மடங்கு. உங்கள் வண்டியில் இன்ஜின் மணி காட்டாவிட்டால், ஆயில் மாற்றிய அன்றே ட்ரிப் மீட்டரையும் சராசரி வேகத்தையும் பூஜ்ஜியம் ஆக்கிவிடுங்கள். ஓடிய தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் மணி வந்துவிடும்.

சைட் வேலை முடியும் வரை 4,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றினேன். வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டி ரீஜெனரேஷன் முடியவிட்டேன். ஆயில் மட்டம் ஏறுவது நின்றது. இப்போது பாதி வெளியூர், பாதி உள்ளூர். 7,500 கி.மீ. அல்லது 250 மணி நேரம், எது முந்துகிறதோ அது என்று வைத்திருக்கிறேன். ஓட்டமே குறைந்தாலும் ஒரு வருஷத்தைத் தாண்டவிட மாட்டேன். எரிதலில் உண்டாகும் அமிலத்தை ஆயிலில் உள்ள காரம்தான் முறிக்கிறது, அந்த இருப்பு தீர்ந்துகொண்டே வரும். போன பரிசோதனையில் 250 மணிக்குப் பிறகும் பாதியளவு காரம் மிச்சம் இருந்தது. அதனால் இதற்கு மேல் அவசரப்பட்டு மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

"கறுத்துப் போச்சு, மாத்திடுங்க" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய மறுநாளே கறுத்துவிடும். கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு கலந்து வைத்திருப்பது ஆயிலின் வேலை. நிறத்தை நான் பார்ப்பதில்லை. மட்டம் ஏறியதா, இறங்கியதா, டீசல் நெடி உண்டா, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். வாரம் ஒரு தடவை, சமதளத்தில், இன்ஜின் ஆறிய பிறகு.

பரிசோதனை இன்னொரு விதத்திலும் காப்பாற்றியது. ஆறாவது வருஷ அறிக்கையில் சிலிக்கான் அளவு திடீரென்று ஏறி, கூடவே இரும்பும் ஏறியிருந்தது. சிலிக்கான் என்றால் பெரும்பாலும் மண் தூசி, இரும்பு என்றால் உள்ளே தேய்மானம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முந்தைய சர்வீஸில் ஒரு கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். மூடியின் ஓரத்தில் தூசி கோடு போட்டது போலப் போயிருந்தது. இப்படிப்பட்ட வண்டியில் ஆயிலை 3,000-க்கு ஒரு தடவை மாற்றினாலும் உள்ளே மண் போய்க்கொண்டுதான் இருக்கும். ஏர் ஃபில்டரை இப்போது யாரிடமும் விடுவதில்லை, நானே மாட்டுகிறேன்.

ஆயில் வாங்கும்போது டிபிஎஃப் உள்ள வண்டிக்கு ஏற்ற குறைந்த சாம்பல் வகைதானா என்று டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். ஏசிஇஏ சி3, ஏபிஐ சிகே-4 போன்ற குறிகள் இருக்கும். உங்கள் கையேடு எதைக் கேட்கிறதோ அது. டிபிஎஃப்பில் கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறேன். ஒரே ஒரு முறை மலிவாகக் கிடைத்ததைப் போட்டேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது, எப்போதும் ஒரு நொடியில் அணையும் ஆயில் விளக்கு நாலு நொடி எரிந்தது, மேலே டக் டக் என்று சத்தம். நிறுத்தி வைத்த நேரத்தில் ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் வால்வு அதில் சரியாக வேலை செய்யவில்லை. அன்று மாலையே கழற்றிப் போட்டேன்.

மாற்றும் முறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பரிசோதனைக்குப் பிடிப்பதாக இருந்தால் முதலில் கொட்டுவதையும் கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அடியில் தங்கிய அழுக்கு சேர்ந்தால் அறிக்கை பயமுறுத்தும்.

இப்போதைய நிலவரம்: கடைசியாக மாற்றியது 1,80,300-இல். அதற்குப் பிறகு 3,700 கி.மீ., 142 மணி நேரம். இதே போக்கில் போனால் 7,500 வருவதற்கு முன்பே 250 மணி வந்துவிடும். அதனால் அடுத்த மாற்றம் 1,86,800 வாக்கில். டிப்ஸ்டிக்கில் மட்டம் நேற்று வரை அசையவில்லை.