‘பார்ட்ஸ் எல்லாம் ஒண்ணுதான்’ என்றால் டயரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மூன்றாக மடியும் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். “பிராம்ப்டனேதான், பேர் மட்டும் வேற, பார்ட்ஸ் எல்லாம் ஒண்ணுதான்” என்று, பிரிட்டிஷ் மடி சைக்கிளான பிராம்ப்டனின் பெயரைச் சொல்லி, ஒரு கடையில் எங்களிடம் தள்ளிவிட்ட வண்டியின் கதை இது. டயர் தேய்ந்ததும் பிராம்ப்டன் டயரை வாங்கிப் போட்டால், ரிம்மில் உட்காரவே இல்லை.

பழைய டயரின் பக்கவாட்டில் 305 என்று அச்சடித்திருந்தது. அது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ. கணக்கில். பிராம்ப்டனுக்கு 349. இரண்டையும் ‘16 இன்ச்’ என்றே விற்கிறார்கள். சக்கரத்தோடு மாற்றலாம் என்றால் ரிம் விளிம்பு 22 மி.மீ. தள்ளிப் போகும், பிரேக் கட்டை அதில் படாது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அகலமும் சேராது: பிராம்ப்டனில் முன்னால் 74 மி.மீ., பின்னால் 112. இந்த வண்டியில் 100, 135. ‘20 இன்ச்’சிலும் இதே வம்புதான், 406 வேறு, 451 வேறு.

டயரைவிடக் கவலை தந்தது நடுக் கீல். லீவரை முழுக்க முறுக்கிய பிறகும் இடுக்கில் ஒரு தாள் தாராளமாக நுழைந்தது. அப்படி இடைவெளி இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கீல் அடிவாங்கும். கீலின் ஊசி (pin) போகும் துளை அகலும், பிறகு வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். பெயின்ட் மயிரிழைபோல் வெடித்திருந்தால் அந்த வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘டக்’ என்றால், ஆட்டம் ஹெட்செட்டிலா (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்), ஹேண்டில் கம்பியின் கீலிலா என்று விரல் வைத்தால் தெரிந்துவிடும். டாஹோன், டெர்ன் கம்பெனி மடி சைக்கிள்களின் கீல் லீவரை மூடும்போது உள்ளங்கையில் நல்ல அழுத்தம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு மூடினால் திருகைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். சீட் கம்பி இறங்குகிறதா? கிளாம்பைப் போட்டு இறுக்காமல், ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெயைத் துடையுங்கள். அப்புறமும் இறங்கினால் கம்பியைச் சுற்றி உள்ளே இருக்கும் புஷ் (உறை) தேய்ந்திருக்கலாம்.

எங்கள் கணக்கு இதுதான். தினமும் ரயிலேறுபவருக்கு பிராம்ப்டன் போட்ட காசுக்கு நிற்கும். பாகங்கள் விலை கூடுதல், ஆனால் பழைய வண்டிக்கும் கிடைக்கின்றன. ஓட்டுவதே அதிகம் என்றால் 406 சக்கரமுள்ள டெர்ன் அல்லது டாஹோன். டயர், செயின், பிரேக் எந்தக் கடையிலும் கிடைக்கும். சீட் கம்பி மட்டும் 33.9 மி.மீ. என்பதால் தேட வேண்டியிருக்கும். பேர்டி என்ற இன்னொரு மடி சைக்கிள் ஓட்டச் சுகம், மடித்தால் பெரிசு.

எம்ஆர்டி ரயிலில் ஏற்ற, மடித்த அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கடையிலேயே மடித்து அளந்து பாருங்கள். மடங்காத பெடலால் அகலம் 40-ஐத் தாண்டிவிடலாம்.

பில்லில் மாடல் பெயர், ஃபிரேம் எண், கீலுக்கும் ஹேண்டில் கம்பிக்கும் எத்தனை மாத வாரண்டி, மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘பிராம்ப்டன் பாகம் பொருந்தும்’ என்றார்களா? அதையும் எழுதச் சொல்லுங்கள். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அவர் மசியவில்லை என்றால் அந்தப் பில்லோடு சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம்.