காண்டின்ஸ்கி அஞ்சலட்டை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)' ஓவியத்தை அஞ்சலட்டையாக விற்கும் ஒரு இணையக் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். 'அருங்காட்சியகத் தரம், 300 ஜிஎஸ்எம் தாள்' (அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாள்) என்று போட்டிருந்தார்கள். வந்தது சுத்த ஏமாற்று வேலை.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கோபம் புரியும். 1911 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்ட காண்டின்ஸ்கி, அந்தச் சூட்டோடு வரைந்தது இது. மேல்பக்கம் பியானோவின் பெரிய கறுப்புத் திட்டு, கீழே இடப்பக்கம் ரசிகர் கூட்டம், வலப்பக்கம் முழுக்கப் பொங்கும் மஞ்சள். அந்த மஞ்சள் இல்லையென்றால் அங்கே கச்சேரியே இல்லை. எனக்கு வந்த அட்டையில் அது பழைய செய்தித்தாள் நிறத்தில் இருக்கிறது.

பியானோவிலும் பாதியைக் காணோம். மூல ஓவியம் 77.5 × 100 செ.மீ., ஏ6 அட்டை 10.5 × 14.8 செ.மீ. விகிதம் ஒத்துவராது. அட்டையை விளிம்புவரை நிரப்பினால் உயரத்தில் சுமார் எட்டரை சதவீதத்தை வெட்டியாக வேண்டும். ஒழுங்கான அச்சகத்தார் ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் வைப்பார்கள். இவர்களோ தேவைக்கு மேலேயே வெட்டியிருக்கிறார்கள். போதாததற்கு எங்கோ இறக்கிய சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் கோடெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஏ6 அளவில் துல்லியமாக அச்சிட ஏறக்குறைய 1750 × 1240 பிக்ஸல் வேண்டும்.

பின்பக்கம் இன்னும் மோசம். 'கம்போசிஷன் 8, 1923' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது வட்டமும் முக்கோணமுமாக இருக்கும் வேறு ஓவியம், இருப்பது நியூயார்க்கில்! எழுதும் பக்கமும் வழவழப்பு என்பதால் பேனா மை இழுகிவிடுகிறது.

புகார் செய்தேன். 'நவீன ஓவியம் அப்படித்தான் மங்கலாக இருக்கும் சார்' என்று பதில் வந்தது. அப்புறம், பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்றார்கள்.

காண்டின்ஸ்கி 1944-இல் இறந்தவர், இந்தியாவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே சட்டப்படி படத்தில் குற்றமில்லை, விளம்பரத்தில்தான் பொய். வாங்குமுன் அச்சான அட்டையின் இரு பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். மூல ஓவியம் அங்கேதான் இருக்கிறது. போட்டோ அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்னும் அதே பளிச்சென்ற மஞ்சள் படத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.