தருமபுரி பல் மருத்துவமனை: ஒட்டுவதற்கு முன்பே பாதி வேலை

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், சின்ன இடம். முன்பல்லில் வேறோர் இடத்தில் வைத்த காம்போசிட் (பல் நிறத்திலேயே இருக்கும் அடைப்பு) சீக்கிரமே பெயர்ந்துவிட்டதால் இங்கே போனேன்.

டாக்டரம்மா பார்த்ததுமே, "சின்ன வயசுல போர் தண்ணியா குடிச்சீங்க?" என்றார். பென்னாகரம் பக்கத்துக்காரன், வேறென்ன குடிப்பேன்? போர் தண்ணியால் ஃப்ளோரைடு ஏறிய எனாமல் (பல்லின் வெளி அடுக்கு), ஒட்டுவதற்கு முன் வைக்கும் ஆசிட்டுக்குச் சீக்கிரம் மசியாது, அதனால் ஆசிட்டை வழக்கமான 15 முதல் 30 விநாடி வைத்தால் போதாது என்று விளக்கினார்.

பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எச்சில் படாமல் ரப்பர் ஷீட் மாட்டினார். மேல்பரப்பை லேசாக உரசிவிட்டு நீல ஜெல் வைத்தார். 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட். கழுவிக் காற்றடித்ததும் கண்ணாடியில் காட்டினார். பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. ஆசிட் அரித்து உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் இறங்கித்தான் காம்போசிட்டை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் பிடிக்குமாம். ஓர் ஓரம் சரியாக வெளுக்கவில்லை என்று அங்கே மட்டும் மறுபடி ஜெல் வைத்தார். எனக்கு இவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். உள்ளே டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு) தெரிந்த இடத்தை மட்டும் ஒரேயடியாகக் காயவிடவில்லை. வறண்டால் பிடிப்பு குறையும், கூச்சமும் வரலாம்.

அப்புறம் பாண்டிங், நீல லைட், காம்போசிட். நிறமும் நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். காத்திருக்கும் அறைதான் ரொம்பக் குறுகல். சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காது, காலையில் போங்கள்.